கூடப் படித்தவர்களைத் தொலைக்காதிருப்போம்

(உலக முதியோர் நாளையொட்டித் தூத்துக்குடியில் நடந்த கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதியோரைப் பிள்ளைகள் எப்படிக் கவனிக்க வேண்டும் என்று பேச மேடைகள் நிறைய உண்டு. அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று பேசவும் ஆட்கள் உண்டு. முதியவர்கள் முதியவர்களுக்கே செய்துகொள்ள வேண்டிய ஒரு காரியத்தைப் பற்றிப் பேச நான் வந்திருக்கிறேன். பதினெட்டு, இருபது வயதில் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். நினைப்பு வந்தால் செய்வது, வராவிட்டால் விட்டுவிடுவது என்று இருக்கக் கூடாது. நாள் குறித்துச் செய்யும் வேலையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன், எப்படி என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதலில் நம் ஊரைப் பற்றி. தூத்துக்குடிக்கு ரயில் 1876இலேயே வந்துவிட்டது. கொழும்புக்குக் கப்பலும் தோணியும் போய்க்கொண்டிருந்தன. ஆனால் கல்லூரி வருவதற்கு நாடு விடுதலை பெற வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் படிக்க வேண்டுமென்றால் பாளையங்கோட்டைக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும். பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரி 1878 முதலும், தூய சவேரியார் கல்லூரி 1923 முதலும் இருந்தன. இங்கே 1948இல் பெண்களுக்கென்று தூய மரியன்னை கல்லூரி வந்தது. 1951இல் ஏ.பி.சி. வீரபாகு அவர்களின் முயற்சியால் வ.உ.சிதம்பரம் கல்லூரி வந்தது. 1966இல் காமராஜ் கல்லூரி. இந்த மூன்றும் வந்த பிறகுதான் இந்தக் கடற்கரையின் பிள்ளைகளுக்குக் கல்லூரி கைக்கெட்டும் தூரத்தில் வந்தது.

யார் யார் வந்தார்கள்? உப்பளத்துக்காரர் வீட்டுப் பிள்ளையும் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவர் பிள்ளையும் வந்தார்கள். தோணி முதலாளி மகன் வந்தான். தோணியில் சரக்கு ஏற்றியவர் மகனும் வந்தான். மில் தொழிலாளி, மளிகைக் கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள், மணப்பாடு, வேம்பார், காயல்பட்டினம், உடன்குடி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். பலருக்கு அவர்கள் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். சாதி, சமயம், தெரு என்று பிரிந்து கிடந்த ஊரில், வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லோரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்த இடம் கல்லூரி. பி.யூ.சி. ஓராண்டு, பட்டம் மூன்றாண்டு. மொத்தம் நான்கே வருடம். அந்த நான்கு வருடத்தில் கிடைத்த உறவுபோல் பிறகு ஐம்பது வருடத்தில் கிடைக்கவில்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் இந்தக் கூட்டம் சிதறியது. துறைமுகம் இருக்கும் ஊரில் பிறந்தவர்களுக்குப் பயணம் பழக்கம். சிலர் கப்பல் வேலைக்குப் போனார்கள். சிலர் பம்பாய்க்கு, சென்னைக்கு, பிறகு வளைகுடா நாடுகளுக்கு. 1974இல் நம் துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஸ்பிக் உரத் தொழிற்சாலை வந்தது. அனல் மின்நிலையம் வந்தது. அந்த வேலைகளில் ஒரு பகுதியினர் இங்கேயே தங்கினார்கள். வங்கி, பள்ளி, அஞ்சலகம், வருவாய்த்துறை என்று போனவர்கள் தமிழ்நாடு முழுக்க மாற்றலாகிக்கொண்டே இருந்தார்கள். பெண்களில் பெரும்பாலோர் கல்யாணமாகி எந்த ஊருக்கு அனுப்பினார்களோ அந்த ஊருக்குப் போனார்கள். இப்போது எல்லோரும் ஓய்வுபெற்றாயிற்று. பிள்ளைகள் வேறு ஊரில், வேறு தேசத்தில். அந்த 20 வயதுக் கூட்டம் இன்று பல ஊர்களில், பூட்டிய கேட்டுக்கு உள்ளே, ஆளுக்கு ஒரு வீட்டில் இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். இந்தியா முழுமைக்கும் அது 8.6 சதவீதம்தான். அதாவது நம் மாநிலம் நாட்டுக்கு முன்னாலேயே முதுமை அடைந்துகொண்டிருக்கிறது. ஆயுள் கூடியிருக்கிறது, நல்லது. கூடிய ஆயுளை யாரோடு கழிப்பது என்பதுதான் நாம் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி.

இதற்குக் குடும்பம் இருக்கிறதே, கூடப் படித்தவர்கள் எதற்கு என்று கேட்கலாம். குடும்பத்துக்கு நம்மைப் பாதியிலிருந்துதான் தெரியும். கணவருக்கு 22 வயதுக்குப் பிறகான என்னைத் தெரியும். பிள்ளைகளுக்கு அம்மாவைத் தெரியும். மருமகளுக்கு மாமியாரைத் தெரியும். பள்ளியில் எனக்கு டீச்சர் என்றே பெயர். இந்த வயதில் என் தாயும் இல்லை, அக்காமாரும் இல்லை. என்னைப் பெயர் சொல்லி, ‘ஏட்டி’ என்று உரிமையோடு கூப்பிட மிச்சமிருப்பவர்கள் கூடப் படித்தவர்கள் மட்டும்தான். நான் யாருக்கும் மனைவியாகவும் தாயாகவும் ஆவதற்கு முன்னால் என்னவாக இருந்தேன், எதற்குச் சிரித்தேன், எதற்கு ஆசைப்பட்டேன் என்று சாட்சி சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

சாட்சி என்று சொன்னேன். அது சொந்த வாழ்க்கைக்கு மட்டுமான சாட்சி இல்லை. இந்தக் கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக 1955 முதல் 1961 வரை நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவில்லை. அந்த நாட்களில் கரைக்கு வந்து சேர்ந்த சிப்பிக் குவியலையும், அதை ஏலம் எடுக்க வந்த கூட்டத்தையும் கல்லூரி மாணவராக நின்று பார்த்த ஒருவருக்கு இன்று 80 வயது கடந்துவிட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலும், அடுத்த மாதமே வெடித்த மொழிப் போராட்டமும், கல்லூரிகள் மூடப்பட்டு மாணவர்கள் ஊருக்குப் போனதும் நம் தலைமுறையின் நினைவில் இருக்கின்றன. ஒருவர் மட்டும் நினைவு வைத்திருந்தால் அது தேய்ந்துகொண்டே போகும். இரண்டு பேர் உட்கார்ந்து, ‘அன்றைக்கு மழை பெய்ததா இல்லையா’ என்று வாதாடும்போதுதான் தேதியும் பெயரும் திரும்ப வரும். கூடப் படித்தவர்கள் சந்தித்துப் பேசுவதால் ஊரின் வரலாறும் பிழைத்துக் கிடக்கிறது.

பழங்கதை பேசுவது கிழட்டுத்தனம் என்று முன்பு மருத்துவர்களே நினைத்தார்கள். 1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு கட்டுரை எழுதி அந்த எண்ணத்தை மாற்றினார். வயதானவர் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பானது, தேவையானது. அதைத் தடுக்கக் கூடாது என்றார் அவர். இன்று முதியோர் இல்லங்களில் பழைய நினைவுகளைப் பேசவைப்பதை ஒரு பயிற்சியாகவே செய்கிறார்கள். உளவியல் ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். வயதானவர்களிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கேட்டால், பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலானவைதான் அதிகம் நினைவுக்கு வருகின்றன. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோகும். விடுதியில் என்ன சாப்பிட்டோம் என்பது மறக்காது. அந்த நாட்களைப் பற்றிப் பேச நமக்குச் சரியான ஆள் யார்? அங்கே நம்மோடு இருந்தவர்தானே.

நம் மாவட்டத்திலேயே ஒரு பெரிய நட்பு உண்டு. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலில் பிறந்த எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். ஒரே ஊரில் ஒரே காலத்தில் வளர்ந்தவர்கள். சேர்ந்து புத்தகம் படித்தவர்கள். சேர்ந்து பாட்டுக் கேட்டவர்கள். அழகிரிசாமி வேலைக்காகச் சென்னைக்கும் மலேயாவுக்கும் போனார். நட்பு கடிதத்தில் தொடர்ந்தது. 1970இல், ஐம்பது வயதைக்கூட எட்டாமல், அழகிரிசாமி காலமானார். கி.ரா. 2021 வரை, நூறை நெருங்கும் வயது வரை வாழ்ந்தார். நண்பர் போய் ஐம்பது ஆண்டு ஆன பிறகும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். அவர் தமக்கு எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்து புத்தகமாக்கினார். அழகிரிசாமி என்ற மனிதரை இன்றைய வாசகர்கள் அறிந்திருப்பதில் அவருடைய கதைகளுக்கு அடுத்த பங்கு அந்த நட்புக்கு உண்டு. ஒருவரை மறக்காமல் இருப்பதற்கு இன்னொருவர் வேண்டும்.

இது உடம்புக்கும் நல்லது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 1938இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் 268 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு பாஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பங்களின் பையன்கள் 456 பேரையும் இன்னோர் ஆய்வின் வழியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, போருக்குப் போனது, நோய் வந்தது, முதுமை வந்தது எல்லாவற்றையும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். எண்பது வயதில் யார் நலமாக இருப்பார் என்பதை ஐம்பது வயதில் அவருடைய ரத்தத்தில் இருந்த கொழுப்பின் அளவைவிட, அவருக்கு இருந்த உறவுகள் எவ்வளவு நிறைவாக இருந்தன என்பது நன்றாகக் காட்டியது என்கிறார், இப்போது அந்த ஆய்வை நடத்தும் ராபர்ட் வால்டிங்கர். 2010இல் வேறு ஆய்வாளர்கள் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைப் பற்றிய விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். நல்ல உறவுத் தொடர்பு உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. மறதி நோய்க்கான காரணங்களில் நாம் மாற்றிக்கொள்ளக் கூடியவை 14 என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு பட்டியல் போட்டது. அதில் காது மந்தமும் இருக்கிறது, தனிமைப்படுவதும் இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை போடுகிறோம். பேசாமல் இருப்பதற்கு மாத்திரை கிடையாது. பேசித்தான் ஆக வேண்டும்.

‘எங்களுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, வருடம் ஒருமுறை ஒன்றுகூடல் வைக்கிறோம்’ என்று சிலர் சொல்வீர்கள். மகிழ்ச்சி. அந்தக் குழுவை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அறுபது பேர் இருந்தால் எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான். காலை வணக்கப் படம், பண்டிகை வாழ்த்து, யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு வரும். ஒருவர் ஆறு மாதமாக ஒன்றும் எழுதவில்லை என்றால் யாருக்காவது தெரிகிறதா? கண்ணில் புரை விழுந்து எழுத்துத் தெரியாமல் இருக்கலாம். பழைய போன் பழுதாகி, பேரன் வாங்கிக் கொடுத்த புதுப் போனில் குழு இல்லாமல் போயிருக்கலாம். மனைவியை இழந்து பேசப் பிடிக்காமல் இருக்கலாம். மறதி தொடங்கியிருக்கலாம். குழுவில் எழுதுகிறவர் நலமாக இருக்கிறார் என்று அர்த்தம். நம்முடைய தொடர்பு முதலில் போய்ச் சேர வேண்டியது எழுதாதவருக்கு.

ஒன்றுகூடலும் அப்படித்தான். வருகிறவர்கள் வரக் கூடியவர்கள். மாடிப்படி ஏற முடியாதவர், சிறுநீர் அடக்க முடியாதவர், நல்ல புடவை இல்லையே என்று கூசுகிறவர், பங்குப் பணம் கொடுக்க வசதியில்லாதவர், இவர்களெல்லாம் ஒரு காரணம் சொல்லி நின்றுவிடுவார்கள். ஆகவே கூடுவதாக இருந்தால் தரைத்தளத்தில், பகல் நேரத்தில், கழிவறை பக்கத்தில் இருக்கும் இடத்தில் கூடுங்கள். செலவை இயன்றவர்கள் ஓசைப்படாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். வராதவர்களைக் கூட்டம் முடிந்த மறுநாளே நாலு பேராகப் போய்ப் பாருங்கள். ஒரு பெட்டி மக்ரூனோடு வாசலில் போய் நின்றால் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

முத்துக்குளித்த காலத்தில் இந்தக் கடலில் இருந்த ஒரு வழக்கத்தை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் அடியில் இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தக் கயிற்றுக்கு மச்சினனைத்தான் வைப்பார்கள் என்று கடற்கரையில் வழிவழியாகச் சொல்வார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலி இழக்கக் கூடாதே என்ற கவலை அவனுக்குத்தானே இருக்கும். அடியில் இருப்பவர் மூச்சுப் பிடிக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம். கீழே இருந்து அசைவு வந்ததும் இழுக்க வேண்டும். மேலே நிற்பவர் செய்கிற வேலை வெளிப்பார்வைக்குத் தெரியாது. கையைக் கயிற்றிலிருந்து எடுக்காமல் இருப்பதுதான் அந்த வேலை. வயதானவரோடு தொடர்பில் இருப்பதும் அப்படிப்பட்டது. பேச ஒன்றும் இல்லாத வாரத்திலும் பேச வேண்டும். அப்போதுதான், அசைவு மாறிய நாளில் நமக்குத் தெரியும்.

இனி, தொலைந்தவர்களைத் தேடுவது பற்றி. பழைய மாணவர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தீர்களானால், ‘மேலத்தெரு, ஆறுமுகநேரி, திருநெல்வேலி ஜில்லா’ என்று இருக்கும். அஞ்சல் குறியீட்டு எண் இருக்காது. அது 1972இல்தான் வந்தது. நம் மாவட்டம் 1986இல் தனியாகப் பிரிந்தது. சிதம்பரனார் பெயரோடு இருந்து, பிறகு தூத்துக்குடி மாவட்டம் ஆனது. தெருப் பெயர் மாறியிருக்கும். கதவு எண் மாறியிருக்கும். 0461 என்று தொடங்கும் தரைவழித் தொலைபேசியைப் பல வீடுகளில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பதிவேட்டை நம்பிக் கடிதம் போட்டால் திரும்பித்தான் வரும்.

பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். இதைப் பெண்ணாகிய நான் சொல்ல வேண்டும். கல்லூரியில் அவள் பெயருக்கு முன்னால் இருந்த எழுத்து அப்பாவுடையது. கல்யாணம் ஆனதும் அது கணவருடையதாக மாறியது. முகவரி மாறியது, ஊர் மாறியது. போன் வந்த காலத்திலும் எண் கணவர் பெயரில் இருந்தது. கணவர் காலமானதும் அந்த எண்ணும் போய்விட்டது. பிறகு மகன் வீட்டில் சில மாதம், மகள் வீட்டில் சில மாதம். அந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவள் ‘ஆச்சி’. அவளுடைய பெயர் என்ன என்று எதிர்வீட்டுக்காரருக்கே தெரியாது. தாவரவியலில் முதல் வகுப்பில் தேறிய பெண் இப்படிப் பெயர் தெரியாத ஆச்சியாக ஏதோ ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கண்டுபிடித்து, அவள் பழைய முதலெழுத்தோடு சேர்த்து முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். அந்தக் குரலில் வரும் மாற்றத்தை நான் போனில் கேட்டிருக்கிறேன். முதலில் ‘யாரு?’ என்று தயங்கிய குரல், அடுத்த நிமிடம் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து வந்த அதே குரலாகிவிடும்.

எப்படித் தேடுவது? பதிவேட்டைவிட ஊர் நம்பகமானது. பிறந்த ஊருக்குப் போங்கள். அண்ணன், தம்பி யாராவது இருப்பார்கள். கோவில் கொடை எந்த மாதம் என்று கேட்டு அப்போது போங்கள். ஊரைவிட்டுப் போனவர்களும் கொடைக்கு வருவார்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஆகஸ்ட் 5ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்கு யாராவது வந்தே தீருவார்கள். பங்கு ஆலயத்தில் விசாரித்தாலும் தெரியும். பள்ளிவாசல் ஜமாஅத்தில் கேட்டால் காயல்பட்டினத்துக் குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்வார்கள். அரசு வேலை பார்த்தவர் என்றால் ஓய்வூதியர் சங்கம். கண்டுபிடித்த பிறகு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: அவர் எண், கூட இருப்பவர் எண், பக்கத்து வீட்டு எண், வீட்டுக்கு அடையாளம். போனில் மட்டும் வைத்தால் போனோடு போய்விடும்.

அந்த நோட்டின் அருமை 2023 டிசம்பரில் தெரிந்தது. 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுபோனது. மின்சாரம் இல்லை, போன் இல்லை. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் எண்ணை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எந்தத் தெருவில் எந்த வீட்டில் எந்தத் தளத்தில் தனியாக ஒரு பெரியவர் இருக்கிறார் என்று தெரிந்த ஆள் ஒருவர் அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் இருந்தால், அதைவிடப் பெரிய உதவி கிடையாது. அந்தத் தகவல் வெள்ளம் வந்த பிறகு சேகரிக்கக் கூடியதல்ல.

அடுத்து, எப்படிப் பேசுவது. காலை பதினொரு மணி நல்ல நேரம்; குளித்து, சாப்பிட்டு, மாத்திரை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும். எழுந்து வந்து எடுக்க நேரமாகும். காது மந்தமானவரிடம் கத்த வேண்டாம். நிறுத்தி, தெளிவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். முகம் பார்த்துப் பேசும் அழைப்பாக இருந்தால் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். முதல் வாக்கியத்திலேயே நீங்கள் யார், எந்த வருடம், எந்த வகுப்பு என்று சொல்லிவிடுங்கள். ‘நான் யார் என்று கண்டுபிடி பார்ப்போம்’ என்று சோதிக்க வேண்டாம். மறதி உள்ளவருக்கு அது வேதனை. சொன்னதையே திரும்பச் சொன்னால் புதிதாகக் கேட்பதுபோல் கேளுங்கள். கூட இருக்கும் மருமகளிடமோ உதவிக்கு இருப்பவரிடமோ இரண்டு வார்த்தை நன்றியாகப் பேசுங்கள். அடுத்த முறை போனைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போவது அவர்தான்.

இப்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பெரியவர்கள் எடுக்கப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. போலீஸ் என்று சொல்லி, ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி, வாழ்நாள் சேமிப்பைப் பிடுங்கும் கும்பல்கள் தனியாக இருக்கும் முதியவர்களைத்தான் குறிவைக்கின்றன. அந்தக் கும்பல் முதலில் போடும் நிபந்தனை, ‘யாரிடமும் சொல்லக் கூடாது’ என்பது. யாரிடமாவது சொல்லும் பழக்கம் உள்ளவரை ஏமாற்றுவது கடினம். ஆகவே கூடப் படித்தவர்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: யாருக்காவது பணம் அனுப்பச் சொல்லி அழைப்பு வந்தால், அனுப்புவதற்கு முன்னால் நம்மில் ஒருவரைக் கூப்பிட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண். வேறு உதவி, ஆலோசனை வேண்டுமென்றால் முதியோர் உதவி எண் 14567. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

மனத்தாங்கல் உள்ளவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பது வருடத்துக்கு முன்னால் நடந்த ஏதோ ஒன்று. கடன், காதல், தேர்தலில் எதிரெதிராக நின்றது. இப்போது புதிதாக, அரசியல் செய்தியைக் குழுவில் போட்டு அதனால் விலகியவர்கள் உண்டு. மதத்தைப் பற்றிய ஒரு சொல்லால் புண்பட்டு வெளியேறியவர்கள் உண்டு. கல்லூரி சேர்த்துவைத்த கூட்டத்தை ஒரு பகிர்வுச் செய்தி பிரித்துவிட விடக் கூடாது. குழுவில் அரசியலும் மதச் சண்டையும் வேண்டாம் என்று விதி வையுங்கள். விலகியவரைத் தனியே கூப்பிட்டு வருத்தம் தெரிவியுங்கள். திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரம் எழுதியிருக்கிறார். அதில் ‘பழைமை’ என்று ஓர் அதிகாரம் முழுவதையும் நெடுநாள் நண்பர்களுக்காகவே ஒதுக்கினார். உரிமையினால் அவர்கள் செய்யும் பிழையைப் பொறுத்துக்கொள்வதைத்தான் அங்கே வலியுறுத்துகிறார். நமக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது, கோபத்தை வைத்துக்கொண்டிருப்பதற்கு?

இறப்பைப் பற்றிப் பேசத் தயங்க வேண்டாம். நம் வயதில் மாதத்துக்கு ஒரு செய்தி வருகிறது. செய்தியை எல்லோருக்கும் சொல்ல ஒருவரைப் பொறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். துஷ்டி வீட்டுக்குப் போகும்போது, இறந்தவரைப் பற்றி அவர் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு நல்ல செய்தியைச் சொல்லுங்கள். உன் அப்பா விடுதியில் பக்கத்து அறைப் பையனுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டினார் என்று சொன்னால், அந்த மகன் அதை ஆயுளுக்கும் வைத்துக்கொள்வான். பதினாறாம் நாளோடு விட்டுவிடாமல், இறந்தவரின் துணைவரையும் உங்கள் கூட்டத்தில் ஒருவராக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அழைப்பு நின்றுபோவது அப்போதுதான்.

கல்லூரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். பழைய மாணவர் சங்கங்கள் வைத்திருக்கிறீர்கள். தர மதிப்பீட்டுக்கும் நன்கொடைக்கும் அவை தேவைப்படுகின்றன, தவறில்லை. அதோடு, எழுபது வயது கடந்த மாணவர்களுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று வையுங்கள். வருடம் ஒருமுறை இன்றைய மாணவர்கள் இரண்டிரண்டு பேராக அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்கள் படித்த காலத்தைக் கேட்டுப் பதிவுசெய்து வரட்டும். வரலாற்றுத் துறைக்கு அதைவிட நல்ல களப்பணி கிடையாது. அந்தப் பெரியவருக்கோ, தம் கல்லூரியே தம்மைத் தேடி வந்த நாள் அது.

பிள்ளைகளே, உங்களிடம் நான் கேட்பது சிறியது. அம்மாவோ அப்பாவோ கூடப் படித்த ஒருவர் பெயரைச் சொன்னால், ‘சரி சரி’ என்று கடந்துவிடாதீர்கள். அந்த எண்ணைத் தேடிக் கொடுங்கள். போனைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அவர்கள் பேசட்டும்.

என் வயதுக்காரர்களே, நிறைவாக உங்களிடம். ஒருவர் அறுபது பேரைக் கவனிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு பேர் போதும். உங்கள் வகுப்புப் பட்டியலை எடுங்கள். உயிரோடு இருப்பவர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு பேரை வாரம் ஒருமுறை கூப்பிடுவது என் வேலை என்று ஒவ்வொருவரும் ஏற்றுக்கொள்ளுங்கள். ‘அவள் கூப்பிடட்டுமே, நான் ஏன் முதலில்’ என்ற கணக்கு இனி வேண்டாம். இரண்டு முறை எடுக்கவில்லை என்றால் கூட இருப்பவரைக் கூப்பிடுங்கள். அவரும் எடுக்கவில்லை என்றால் நேரில் போங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் ஒருவரைப் போகச் சொல்லுங்கள். முதல் அழைப்பை நாளைக் காலை பதினொரு மணிக்குச் செய்யுங்கள். நெடுநாளாகப் பேசாதவரிடமிருந்து தொடங்குங்கள்.